லெனின்கிராடு வானொலி இசைக்குழு, 1941–42: பட்டினி கிடந்த நகரத்தில் ஒரு கச்சேரி (நிகழ்வு ஆய்வு)

போர்க்காலத்தில் மக்களின் மனத்திடத்துக்காகக் கலை நிகழ்ச்சி நடத்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படை முற்றுகையிட்டிருந்த சோவியத் நகரமான லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) 1942 ஆகஸ்டில் நடந்த ஒரு கச்சேரியை எடுத்துக்காட்டுவார்கள். ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனியை (பெரிய இசைக்குழுவுக்கான நீண்ட படைப்பு) அந்த ஊர் வானொலி இசைக்குழு வாசித்த கச்சேரி அது. பெரும்பாலும் அந்த ஒரு மாலையை மட்டும்தான் சொல்வார்கள். அதற்கு முந்தைய எட்டு மாதங்களில் எடுக்கப்பட்ட முடிவுகள்தான் முகாம்களிலும் போர்ப்பகுதிகளிலும் இதே வேலையைச் செய்பவர்களுக்கு உண்மையில் பயன்படும். அதனால் அந்த மாதங்களைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இசை நடத்துநரின் பெயரும் சில தலைவர்களின் பெயர்களும் பொது வரலாற்றில் இருப்பவை, அவற்றைச் சொல்கிறேன். இசைக்கலைஞர்களைப் பெயர் சொல்லாமல் விடுகிறேன்.

பின்னணி

1941 செப்டம்பர் 8 அன்று லெனின்கிராடுக்குக் கிழக்கே உள்ள ஷ்லிஸ்ஸெல்பர்க் என்ற ஊர் ஜெர்மன் படையிடம் விழுந்தது. லெனின்கிராடை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைத்த கடைசித் தரைவழியும் அத்தோடு அறுந்தது. உள்ளே ஏறத்தாழ 25 லட்சம் பொதுமக்கள் சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் சுமார் 4 லட்சம் பேர் குழந்தைகள். ரொட்டி ரேஷன் படிப்படியாகக் குறைந்தது. நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 250 கிராம், அலுவலக ஊழியர்களுக்கும் குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் 125 கிராம். அந்த ரொட்டியிலும் மாவு முழுதாக இல்லை, மரக்கூழும் புண்ணாக்கும் கலந்திருந்தன.

இசைக்குழுக்களின் நிலை என்ன? நகரத்தின் முதன்மை இசைக்குழுவான பில்ஹார்மோனிக், அதன் நடத்துநர் ம்ராவின்ஸ்கியோடு முற்றுகை இறுகும் முன்பே நோவோசிபிர்ஸ்குக்கு அனுப்பப்பட்டுவிட்டது. நகரத்தில் எஞ்சியது இரண்டாம் இடத்தில் வைத்து எண்ணப்பட்ட வானொலி இசைக்குழு. அதன் நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க்.

இந்த நகரத்தில் வானொலிக்கு வேறெங்கும் இல்லாத இடம் இருந்தது. போர் தொடங்கியதும் வீடுகளில் இருந்த ரேடியோ பெட்டிகளை அரசு வாங்கி வைத்துக்கொண்டது. மக்கள் கேட்டது கம்பி வழியாக வரும் ஒலிபெருக்கியை. வீட்டுச் சுவரிலும், ஆலையிலும், தெருமுனையிலும் அது இருந்தது. நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் அதில் மெட்ரோனோம் (டிக் டிக் என்று சீராகத் தாளம் காட்டும் கருவி) துடித்துக்கொண்டிருக்கும். மெதுவாகத் துடித்தால் ஆபத்தில்லை, வேகமாகத் துடித்தால் விமானத் தாக்குதல். ஆக, குண்டு எச்சரிக்கை, ரேஷன் அறிவிப்பு, கவிதை, இசை எல்லாமே ஒரே கருவி வழியாகத்தான் வந்தன. கவிஞர் ஓல்கா பெர்க்கோல்ட்ஸ் தன் கவிதைகளை வாசித்ததும் அதில்தான். இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் செப்டம்பரில் அதே வானொலியில் பேசினார். புதிய சிம்பொனி ஒன்றின் இரண்டு பகுதிகளை இந்த நகரத்திலிருந்தே எழுதி முடித்திருப்பதாகச் சொன்னார். அக்டோபர் தொடக்கத்தில் அவரை வெளியேற்றிவிட்டார்கள். ஆனால் அப்படி ஒரு படைப்பு உருவாகிக்கொண்டிருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

கவனிக்கப்பட்டவை: குளிர்காலம்

டிசம்பரில் இசைக்குழுவின் கச்சேரிகள் நின்றன. யாரும் உத்தரவு போட்டு நிறுத்தவில்லை. வாசிக்க ஆளில்லை. சிலர் போர்முனைக்குப் போய்விட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள், மீதிப் பேர் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தார்கள். எலியாஸ்பெர்க்கும் அவர் மனைவியும் பட்டினி மெலிவால் விழுந்து, அஸ்டோரியா ஹோட்டலில் அமைத்திருந்த சிகிச்சை இடத்தில் சேர்க்கப்பட்டார்கள். 1942 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நகரத்தில் மாதத்துக்கு ஒரு லட்சம் பேர் என்ற அளவில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மின்சாரம் இல்லாமல் பல பகுதிகளில் ஒலிபெருக்கிகளும் அடங்கின. குண்டுச் சத்தத்தைவிட இந்த மௌனம்தான் கொடுமையாக இருந்தது என்று உயிர்பிழைத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். மெட்ரோனோம் கேட்டால் ஊர் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அதுவும் கேட்காதபோது, நாலு சுவருக்குள் படுத்துக் கிடப்பவருக்கு வெளியே யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது.

இதே காலத்தில் வேறு இரண்டு இடங்களில் கலை முழுதாக நின்றுவிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இசை நாடகம் நடத்திய மியூசிக்கல் காமெடி தியேட்டர் நகரத்திலேயே தங்கி, இலகுவான, சிரிக்க வைக்கும் நாடகங்களைப் போட்டது. அதன் சொந்தக் கட்டடம் சேதமானதும் டிசம்பரில் புஷ்கின் தியேட்டருக்கு மாறியது. பார்வையாளர்கள் மேலங்கியோடு உட்கார்ந்து பார்த்தார்கள். நடிகர்கள் மெல்லிய மேடை உடையில் நடுங்கிக்கொண்டு ஆடினார்கள். மின்சாரம் போனபோது அதுவும் நின்றது, ஆனால் மற்றவற்றைவிடச் சீக்கிரம் எழுந்துகொண்டது. இன்னொரு பக்கம், பாடகி கிளாவ்தியா ஷுல்ஷெங்கோ தன் ஜாஸ் குழுவோடு படைப்பிரிவு படைப்பிரிவாகப் போய்ப் பாடினார். முற்றுகையின் முதல் ஆண்டில் அந்தக் குழு சிப்பாய்களுக்காக நடத்திய நிகழ்ச்சிகள் 500. சிப்பாய்க்குக் கேட்க நேரம் குறைவு, இடமும் நிலையில்லை. அங்கே சின்னக் குழுவும் சின்னப் பாட்டும்தான் எடுபட்டன. பெரிய சிம்பொனிக் குழுவை அப்படி லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அதற்கு ஒரு மண்டபமும், ஓரளவு வயிறு நிறைந்த ஆட்களும் வேண்டும்.

முதல் முடிவு: மறுபடி ஆள் சேர்ப்பது (மார்ச் 1942)

மார்ச்சில் நகர நிர்வாகம் வானொலியில் மீண்டும் இசை வர வேண்டும் என்று தீர்மானித்தது. நகரத்தில் இருக்கும் இசைக்கலைஞர்கள் எல்லாரும் வானொலிக் குழுவிடம் பதிவு செய்யும்படி அறிவிப்பு போனது. வர முடியாதவர்களை வீடு வீடாகத் தேடிப் போனார்கள். பழைய இசைக்குழுவில் வாசிக்கக்கூடிய நிலையில் எஞ்சியிருந்தவர்கள் 15 பேர் அளவுதான்.

வெளியிலிருந்து ஆள் சேர்த்து 30 பேரோடு முதல் ஒத்திகை நடந்தது. மூன்று மணி நேரம் என்று திட்டம். 15 நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஊதுபவர்களுக்கு மூச்சு நிற்கவில்லை, வில் பிடித்தவர்களுக்குக் கை தூக்க முடியவில்லை.

ஒரு பெண்ணின் கதையை மட்டும் சொல்கிறேன். ஓபோ என்ற ஊதுகருவி வாசிப்பவர். அறிவிப்பைக் கேட்டுத் தன் கருவியை எடுத்துப் பார்த்தபோது ஈரத்தில் கெட்டு, பாசி பிடித்துக் கிடந்தது. பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனார். சரிசெய்து தருகிறேன், கூலியாக ஒரு பூனையைக் கொண்டுவந்து கொடு என்றார் அவர், சாப்பிடுவதற்கு. அந்த நேரத்தில் ஊரில் பூனை எங்கே இருக்கிறது? ஓபோ எப்படியோ சரியானது, அவர் ஒத்திகைக்குப் போனார். தனக்கு ஒரு வேலை இருக்கிறது, தன்னைத் தேடுகிறார்கள் என்ற அந்த அழைப்பே தன்னை எழுப்பி நடக்க வைத்ததாக இப்படிப் பலர் பிற்காலத்தில் சொன்னார்கள். எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். மனத்திடம் கேட்பவர்களுக்கு உண்டானதா என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். வாசித்தவர்களுக்கு உண்டானது என்பதற்கு அவர்களுடைய வாய்மொழியே இருக்கிறது.

இரண்டாம் முடிவு: முதலில் சோறு

எலியாஸ்பெர்க் உடனே உணவைக் கேட்டார். இசைக்கலைஞர்களுக்கு ரேஷனுக்கு மேல் கொஞ்சம் சாப்பாடு ஏற்பாடானது. பெரிதாக ஒன்றுமில்லை, சூப்பும் கஞ்சியும்தான். ஆனால் அது இல்லாமல் மேற்கொண்டு ஒன்றுமே நடந்திருக்காது. நடத்துநருக்கு ஒத்திகை இடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பும் ஒரு சைக்கிளும் கிடைத்தன. அதற்கு முன்பு தள்ளாடித் தள்ளாடி அவர் கிலோமீட்டர் கணக்கில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

இந்த முடிவில் ஒரு நெருடல் இருக்கிறது, அதை மூடி மறைக்கக் கூடாது. நகரம் முழுக்கப் பசி. ஒரு குழுவுக்குக் கூடுதல் உணவு என்றால் அது வேறு ஒருவருக்குப் போயிருக்கக்கூடிய உணவு. ஆலைத் தொழிலாளிக்கு அதிக ரொட்டி கொடுத்தபோது நிர்வாகம் சொன்ன நியாயம் உற்பத்தி. இசைக்காரருக்கும் அதே நியாயத்தைச் சொல்ல முடியுமா? வாசிக்கச் சொல்வது என்றால் சோறு போட்டுத்தான் ஆக வேண்டும், சோறு போட முடியாதென்றால் வாசிக்கச் சொல்லக் கூடாது என்று நான் நினைக்கிறேன். பசித்தவரிடம் இலவசமாக உழைப்பைக் கேட்பதுதான் மிக மோசமான வழி. அதை அவர்கள் செய்யவில்லை.

மூன்றாம் முடிவு: சின்னதாகத் தொடங்குவது

ஏப்ரல் 5 அன்று புஷ்கின் தியேட்டரில் முதல் கச்சேரி. கிளாசுநோவின் ஒரு தொடக்க இசை, சைக்கோவ்ஸ்கியின் பாலே இசைத் துண்டுகள் என்று ஊருக்குப் பழக்கமான படைப்புகள். எல்லாரும் முன்பே வாசித்துக் கைக்குப் பழகியவை. மண்டபம் உறைபனியாக இருந்தது.

பலவீனமான குழு, தெரிந்ததில் தொடங்கி, குறுகிய நேரம் வாசித்து, ஒத்திகை நேரத்தை வாரா வாரம் கூட்டிக்கொண்டு போனதுதான் சரியான அணுகுமுறை. மே மாதத்தில் ஊரும் மெல்ல அசைந்தது. டிராம் ஓடத் தொடங்கியிருந்தது, சதுக்கங்களில் காய்கறி பயிரிட்டார்கள். மே 31 அன்று டைனமோ அணி ஓர் ஆலை அணியோடு கால்பந்து ஆடியது. ஆட்டக்காரர்களின் உடல்நிலை கருதி ஒவ்வொரு பாதியும் 30 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. அதுவும் இதே சிந்தனைதான்.

நான்காம் முடிவு: ஏழாம் சிம்பொனி

ஷோஸ்டகோவிச்சின் அந்த சிம்பொனி 1941 டிசம்பர் 27 அன்று முடிந்து, மார்ச் 5 அன்று குய்பிஷெவ் (இன்றைய சமாரா) நகரில் அரங்கேறியது. அப்புறம் மாஸ்கோ. ஜூனில் லண்டனில் ஹென்றி வுட் நடத்தினார், ஜூலை 19 அன்று நியூயார்க்கில் டோஸ்கனினி நடத்தினார். யாருக்காக எழுதப்பட்டதோ அந்த ஊர் மட்டும் இன்னும் கேட்கவில்லை. இசைக் குறிப்பு முற்றுகையைத் தாண்டி விமானத்தில் வந்து சேர்ந்தது.

அதைப் பிரித்துப் பார்த்த எலியாஸ்பெர்க் மலைத்துப்போனார். ஏறத்தாழ 75 நிமிடத்துக்கு மேல் நீளம். நூறு பேருக்கு மேல் வேண்டும். எட்டு ஹார்ன், ஆறு டிரம்பெட், ஆறு டிராம்போன் என்று இத்தனை பித்தளை ஊதுகருவிகளைக் கேட்கிறது. பட்டினியில் முதலில் தோற்பது ஊதுபவர்தான். வயலின்காரர் களைத்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான். ஹார்ன்காரருக்கு உதடும் நுரையீரலும் ஒத்துழைக்காவிட்டால் சுரமே வராது.

இங்கேதான் படை வந்தது. பித்தளைக் கருவி வாசிப்பவர்கள் எங்கே இருப்பார்கள்? ராணுவ பேண்டில். லெனின்கிராடு போர்முனையின் தளபதி கோவரோவின் ஒப்புதலோடு, படைப்பிரிவுகளில் இருந்த வாத்தியக்காரர்கள் அனுப்பப்பட்டார்கள். படை ரேஷன் கிடைத்ததால் அவர்கள் உடலும் சற்றுத் தெம்பாக இருந்தது. நகரத்து ஆட்களும் போர்முனை ஆட்களும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். பொதுமக்களுக்கு ஒரு நிகழ்ச்சி, சிப்பாய்களுக்கு ஒரு நிகழ்ச்சி என்று பிரித்துத் திட்டமிடும் வழக்கம் இப்போதும் உண்டு. இங்கே தேவை அந்தக் கோட்டை அழித்தது, நிகழ்ச்சியின் தன்மையும் அதனால் மாறியது. கேட்க வந்த சிப்பாய் மேடையில் தன் சீருடையைப் பார்த்தார்.

ஒவ்வொரு கருவிக்குமான குறிப்பைக் கையால் பிரதி எடுக்க ஆட்கள் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். ஒத்திகைக் காலத்திலேயே மூன்று இசைக்கலைஞர்கள் இறந்துபோனார்கள். முழு சிம்பொனியையும் தொடக்கம் முதல் இறுதிவரை நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரே ஒரு முறைதான் வாசிக்க முடிந்தது, ஆகஸ்ட் 6 அன்று.

கண்டிப்பு பற்றி

எலியாஸ்பெர்க் கடுமையானவர். தாமதமாக வந்தாலோ சரியாக வாசிக்காவிட்டாலோ கூடுதல் ரொட்டியை வெட்டினார். வீட்டில் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தவரிடமும் காரணத்தை ஏற்கவில்லை என்று உடன் இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இதைக் கேட்டால் மனம் கசக்கிறது. அவர் தரப்பும் புரிகிறது. ஊரில் எல்லார் வீட்டிலும் சாவு, காரணத்தை ஒரு நாள் ஏற்றால் மறுநாள் ஒத்திகையே இருக்காது. அந்தக் கண்டிப்பால்தான் தாங்கள் பிழைத்தோம் என்று நன்றியோடு பேசியவர்களும் உண்டு.

இருந்தாலும், ரொட்டியைத் தண்டனைக் கருவியாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நகரத்தில் ரொட்டி என்பது உயிர். ஒழுங்குக்கு வேறு வழிகள் இருந்தன. நடத்துநர் சரியான நேரத்துக்குத் தானும் வந்து நின்றதே அவற்றில் பெரியது, அதை அவர் செய்துகொண்டுதான் இருந்தார்.

ஆகஸ்ட் 9, 1942

பில்ஹார்மோனிக் பெரிய மண்டபம். மண்டபம் நிறைந்து ஆட்கள் கூடும்போது ஒரே ஒரு குண்டு விழுந்தாலும் பேரழிவு. அதனால் கச்சேரிக்கு முன்னதாக ஜெர்மன் பீரங்கி நிலைகள்மீது சோவியத் பீரங்கிகள் கடுமையாகத் தாக்கி, அவற்றை வாயடைக்க வைத்தன. இந்தத் தாக்குதல் முன்கூட்டியே திட்டமிட்டது, 'ஷ்க்வால்' (சூறைக்காற்று) என்று பெயரும் வைத்திருந்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் மக்களைக் கூட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரவிளக்குகள் எரிந்தன. மேடையில் இருந்தவர்கள் ஆகஸ்ட் மாதத்திலும் அடுக்கடுக்காக உடுத்தியிருந்தார்கள், மெலிந்த உடம்புக்குக் கோடையிலும் குளிர்ந்தது. கேட்டவர்களில் ஊர்க்காரர்களும் போர்முனையிலிருந்து வந்த சிப்பாய்களும் இருந்தார்கள். வர முடியாதவர்கள் சுவர் ஒலிபெருக்கியில் கேட்டார்கள், தெருவில் நின்று கேட்டார்கள். எதிரி வரிசையை நோக்கியும் ஒலிபெருக்கிகள் திருப்பி வைக்கப்பட்டன. முடிவில் ஒரு சிறுமி மேடைக்கு வந்து எலியாஸ்பெர்க்கிடம் பூங்கொத்து கொடுத்தாள். காய்கறிக்கே மண் போதாத ஊரில் யாரோ பூ வளர்த்திருந்தார்கள்.

தொடர்ந்தது என்ன

போர் நிலவரம் அந்தக் கச்சேரியால் மாறவில்லை, இதை நேராகவே சொல்ல வேண்டும். குண்டுவீச்சு தொடர்ந்தது. முற்றுகையில் முதல் வழி திறந்தது 1943 ஜனவரி 18 அன்று, முழுதாக நீங்கியது 1944 ஜனவரி 27 அன்று. வழியைத் திறந்தது படை. மக்களைக் காப்பாற்றியது லடோகா ஏரி வழியாக வந்த உணவும், அதே வழியாக லட்சக்கணக்கானோரை வெளியேற்றியதும்.

மாறியது வேறு. இசைக்குழு நிலைத்தது, முற்றுகை முடியும்வரை கச்சேரிகள் நடந்தன. ஊர் மக்கள் தங்களைப் பற்றி நினைத்துக்கொள்ள, சாவு எண்ணிக்கையைத் தவிர இன்னொன்று கிடைத்தது. நாட்குறிப்புகளிலும் நினைவுகளிலும் அந்த மாலை அப்படித்தான் பதிவாகியிருக்கிறது.

போருக்குப் பிறகு நடந்தது வேதனையானது. 1944இல் பில்ஹார்மோனிக் திரும்பி வந்தது, முதல் இடமும் பழையபடி அவர்களுக்கே போனது. எலியாஸ்பெர்க் படிப்படியாக ஒதுக்கப்பட்டு, பல ஆண்டுகள் வேறு ஊர்களில் கச்சேரி நடத்தித் திரிந்தார். 1964 ஜனவரி 27 அன்றுதான், அதே மண்டபத்தில், உயிரோடிருந்த 22 பேரோடு அந்த சிம்பொனியை மறுபடி வாசித்தார்கள். ஷோஸ்டகோவிச்சும் வந்திருந்தார். 1942க்கும் 1964க்கும் இடையே 22 ஆண்டுகள். பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

முதலாவது, டிசம்பரில் எல்லாம் முறியும்வரை காத்திருந்தது. நவம்பரிலேயே இசைக்குழுவின் உடல்நிலை தெரியும். முழுக் குழுவை நிறுத்திவிட்டு நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழுக்களாகப் பிரித்து, வானொலியில் நாளுக்குப் பத்து நிமிடமாவது வாசிக்க வைத்து, அதற்கு உணவும் கொடுத்திருக்கலாம். ஷுல்ஷெங்கோவின் குழு போர்முனையில் அப்படித்தான் தாக்குப்பிடித்தது.

வானொலிக்கு மின்சாரம் தருவதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். வெளிச்சம் இல்லாமல் மக்கள் சமாளித்தார்கள், குரல் இல்லாமல் சமாளிக்கவில்லை. முகாம் நடத்துபவர்கள் ஜெனரேட்டர் எண்ணெயைப் பங்கிடும்போது அறிவிப்பு ஒலிபெருக்கியைப் பட்டியலின் அடியில் வைப்பதைப் பார்க்கலாம். அது தவறு.

சிம்பொனிக்கு இவ்வளவு கவனம் கொடுத்தது சரியா என்ற கேள்வியும் நியாயமானது. சிரிக்க வைத்த நாடகக் குழு தினசரி வேலையைச் செய்தது, உலகம் அதைப் பேசவில்லை. இரண்டும் வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் பணமும் உணவும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஒரு நாள் பெருநிகழ்வைவிட வாரா வாரம் வரும் சிறு நிகழ்ச்சிக்கே கொடுப்பேன்.

கூடுதல் உணவு யாருக்கு, எவ்வளவு, எதற்காக என்பதை வெளிப்படையாக எழுதி ஒட்ட வேண்டும், அதைத் தண்டனையாக வெட்டக் கூடாது என்றும் அதிலேயே எழுத வேண்டும். வாசிப்பவர்கள், மேடை அமைப்பவர்கள், குறிப்பைப் பிரதி எடுத்தவர்கள், ஒத்திகைக் காலத்தில் இறந்தவர்கள் என எல்லாருடைய பெயரையும் அன்றன்றே பதிவு செய்ய வேண்டும். சண்டை முடிந்த பின் அவர்களுக்கு என்ன வேலை, என்ன ஊதியம், வெளியே போன குழு திரும்பி வந்தால் இடம் யாருக்கு என்பதை நிகழ்ச்சிக்குச் சம்மதம் கேட்கும்போதே பேசி முடித்து, நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.